நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

ரெமி புரூசார் எறிந்த பந்து அன்று மூன்றாவது முறையாக எதிரணிக்காரன் கையில் போய் விழுந்தது. டுலூத் துறைமுகத்தின் ஏழாம் எண் தானியக் கிடங்கு உணவறையில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். மாசானமுத்து மட்டும் உட்கார்ந்திருந்தான். அவன் கண் பந்தில் இல்லை. ரெமி குனிந்து தன் வலது காலணியையே பார்த்துக்கொண்டு நிற்பது திரையின் ஓரத்தில் தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எருமமாட்டப் பாத்து எறிஞ்சிருந்தாக்கூட அது புடிச்சிருக்கும்லே!" என்றார் டெல்ராய்.

டெல்ராய் இந்த அமெரிக்க ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. மாசானத்தின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த, பேச்சை மொழிபெயர்க்கும் மொழிமடல்தான் அவரைத் திருநெல்வேலிக்காரராக மாற்றியிருந்தது. வந்திறங்கிய அன்று, எந்த ஊர்ப் பேச்சில் கேட்க வேண்டும் என்று மடல் கேட்டபோது, ஆசையாகத் தன் ஊரைச் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து பதினெட்டு மாதமாகக் கப்பல் மாலுமி, பல் மருத்துவர், தெருவில் பனி தள்ளுகிறவர் எல்லோரும் பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் நிற்கிறவர்களைப் போலவே அவனிடம் பேசினார்கள். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. மடலைக் கழற்றினால் அத்தனை பேரும் ஒரே நொடியில் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது இரண்டாவது வாரம்தான் அவனுக்கு உறைத்தது.

"இன்னும் ஒரு வருசம் குடுங்கடே அவனுக்கு," என்றார் பெரிட். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. கப்பலுக்குத் தானியம் ஏற்றும் பெரிய கிரேனை ஓட்டுகிறவர். "நான் கிரேன்ல ஏறின புதுசுல ஒரு லோடு கோதுமைய அப்படியே ஏரிக்குள்ள கொட்டினேன். ஒரு மாசம் மீனெல்லாம் புரோட்டா தின்னுச்சு. என்னைய வெரட்டியா விட்டாங்க?"

அவர் வாயிலிருந்து உண்மையில் என்ன வந்ததோ, மடல் புரோட்டா என்றது.

"ஒங்களுக்கு டைம் குடுத்தாங்க, நீங்க கத்துக்கிட்டிய. இவன் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். தோத்த பொறவு மூஞ்சிய எப்படி வச்சுக்கிடணும்னு."

"வயசு இருவத்திமூணுதானடே."

"எங்கண்ணன் மவனுக்கும் இருவத்திமூணுதான். அவன எறக்கிப் பாப்பமா?"

"ஒங்கண்ணன் மவன் சோபாவ விட்டு எந்திரிக்கவே ரெண்டு வருசம் குடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். டெல்ராயும் சிரித்தார். பிறகு திரும்பி, "ஏலே மாஸு, நீ என்ன சொல்லுத?" என்றார். மாசானமுத்து என்ற பெயர் இங்கே மாஸ் என்று சுருங்கியிருந்தது.

"எனக்கு இந்த ஆட்டமே சரியாப் புரியலண்ணே."

"எங்களுக்கு மட்டும் புரியுதாக்கும்?"

புரிந்த அளவில், அந்த முட்டை வடிவப் பந்தைக் கையில் வாங்கி, மூன்று நொடிக்குள் முடிவெடுத்து, ஓடுகிற தன் ஆளுக்கு எறிகிறவன் குவார்ட்டர்பேக். ஜெயித்தால் அணி ஜெயித்தது. தோற்றால் அவன் தோற்றான். ரெமியின் அணியான டுலூத் நாரைகள் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றிருந்தார்கள். நாரைகளுக்கு முதலாளி கிடையாது. ஊரில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அணியில் பங்கு உண்டு. மாசானத்துக்கும் இருந்தது. அதனால் ரெமியை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதை ஊரே முடிவு செய்யும். அந்த நிறுவை இன்று, ஆட்டம் முடிந்த உடனே.

ஒரு காலத்தில் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குரல்தராசு வந்த பிறகு நிறுக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லும்போது மூச்சிலும் தொண்டையிலும் நாக்கின் நடுக்கத்திலும் எவ்வளவு மனது இருக்கிறது என்பதைத் தராசு கிராமில் சொல்லிவிடும். சும்மா கத்துகிற கத்தல் இரண்டு கிராம் தேறாது. நிஜமாகவே கவலைப்படுகிறவருடைய முணுமுணுப்பு முப்பது, நாற்பது வரும். பேச்சு நீண்டால் நடிப்பு சேர்ந்துவிடும் என்பதால் ஆளுக்கு ஒரே ஒரு மூச்சு. எடையைக் குரல் தீர்மானிக்கும். அது எந்தத் தட்டில் விழவேண்டும் என்பதைச் சொல்லின் பொருள் தீர்மானிக்கும். பொருளை அகராதிப்படிதான் எடுக்க வேண்டும், தராசு தானாக எதையும் ஊகிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் எங்கே கட்டுவது, யாரை மேற்பார்வையாளராக்குவது, எல்லாமே இப்படித்தான். வாயாடிகளின் ஆட்சி ஒழிந்தது என்று மக்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

வரும் சனிக்கிழமை மாசானத்துக்கும் ஒரு நிறுவை இருந்தது.

அவனுடைய முதல் ஒப்பந்தம் முடிகிறது. உடன் வேலை செய்கிற எட்டுப் பேரும் நிறுப்பார்கள். அவகாசத் தட்டு தாழ்ந்தால் இன்னும் மூன்று வருடம். விடுவிப்புத் தட்டு தாழ்ந்தால் நல்ல பெயரோடு ஊர் திரும்பலாம். அவனுக்கு ஊர் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அதைத் தவிர அவனுக்கு இப்போது எதுவும் வேண்டாம். ஆனால் அவனாக விலகினால் அவன் ஊரிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருவரையும் எடுக்க மாட்டார்கள். அவன் பின்னால் பட்டியலில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அதில் அக்கா வீட்டுக்காரரின் தம்பி ஐகோர்ட்ராஜாவும் ஒருவன். அதனால் இவர்களாக அவனை அனுப்ப வேண்டும்.

அதற்காக மோசமாக வேலை செய்துகூடப் பார்த்தான். கிடங்கின் காலிக் குதிர்களுக்குள் இறங்கி, சுவரில் பல்லி மாதிரி ஏறி விரிசல் தேடும் சுவர்நடவி என்ற இயந்திரத்தை மேய்ப்பது அவன் வேலை. வேண்டுமென்றே இரண்டு விரிசல்களைத் தவறவிட்டான். பெரிட் வந்து தோளில் தட்டி, "பழகிரும்டே" என்றார். டெல்ராய் தன் மதியச் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தார்.

ஆட்டம் முடிந்தது. எட்டாவது தோல்வி. திரையில் இரண்டு தட்டுகள் தோன்றின. முதலில், நிறுக்கப்படுகிறவனுக்கே ஒரு மூச்சு. ரெமி ஒலிவாங்கி முன்னால் வந்தான்.

"இன்னும் கொஞ்சம் அவகாசம் குடுங்க. நல்லா ஆடுதேன்."

நான்கு கிராம். உணவறை சிரித்தது.

"அவனுக்கே அவன் மேல நம்பிக்க இல்ல," என்றார் டெல்ராய். தன் முறை வந்ததும், "அனுப்புங்க" என்றார். ஒன்பது கிராம். பெரிட், "இருக்கட்டும்" என்றார். முப்பத்திரண்டு. நகரம் முழுக்கச் சொற்கள் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு தட்டுகளும் தொண்ணூறு கிலோவைத் தாண்டியும் அவகாசத் தட்டு இருநூற்றைம்பது கிராம் மட்டுமே தாழ்ந்திருந்தது.

ரெமி இன்னும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தான். யாரோ மேலிருந்து ஒரு காகிதக் கோப்பையை அவன் மீது வீசினார்கள். அவன் அதைக் குனிந்து எடுத்து, குப்பைத்தொட்டி எங்கே என்று தேடினான். கையில் கோப்பையோடு இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி. டெல்ராய் எழுந்து, "அங்க பாருங்கல, அதையும் எவன் கைல எறியலாம்னு யோசிக்கான்!" என்றார்.

மாசானம் தன்னை அறியாமல் எழுந்தான். பேச வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"பாவம், அவன விட்டுருங்களேன்."

உணவறையில் இருந்த தராசு இன்னும் திறந்திருந்தது; அவன் முறை பாக்கி இருந்தது. அவன் மூச்சை எடுத்துக்கொண்டது.

நானூற்றுப் பன்னிரண்டு கிராம். விடுவிப்புத் தட்டில்.

தட்டு சாய்ந்தது. மணி அடித்தது. ரெமி புரூசார் விடுவிக்கப்பட்டான் என்று திரை சொன்னது. டெல்ராய் மாசானத்தை இடுப்போடு பிடித்துத் தூக்கினார்.

"நானூத்தி பன்னெண்டாலே! எங்கப்பா செத்தன்னைக்கு நான் பேசினதே எரநூறுதாம்ல!"

"இல்லண்ணே, நான் அப்படிச் சொல்லல, அவனச் சும்மா விடுங்கன்னுதான்…"

"ஆமாலே, விட்டாச்சு!"

மறுநாள் அவன் நடந்த இடமெல்லாம் ஆட்கள் கையை உயர்த்தினார்கள். ரயில் நிலையக் கடைக்காரர் காப்பிக் கோப்பையின் மேல் 412 என்று எழுதிக் கொடுத்தார். பெயர் தெரியாதவர்கள் தோளில் தட்டினார்கள். பதினெட்டு மாதத்தில் இப்போதுதான் ஊர் அவனைப் பார்த்தது. அவன் சொல்லாத ஒன்றுக்காகப் பார்த்தது.

பெரிட் மட்டும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவனே எதிரில் போய் உட்கார்ந்தான்.

"பெரிட்டக்கா, எங்க பேச்சுல அதுக்கு அர்த்தம் வேற. அவனத் தொந்தரவு பண்ணாதீங்க, அவன் பாட்டுக்கு இருக்கட்டும். அப்படித்தான் சொன்னேன்."

"அனுப்புன்னுல்லா விழுந்திச்சு?"

"அப்படியும் ஒரு அர்த்தம் இருக்குக்கா."

"ஒரே வார்த்தைக்கா?"

"ஒரே வார்த்தைக்குத்தான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "அப்ப ஒங்க ஊர்ல ஒருத்தன வச்சுக்கிடதுக்கும் அனுப்பதுக்கும் வித்தியாசம் எப்படிடே தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியும்க்கா."

அன்று மாலையே தராசு அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினான். குரலெழுதியில் நடந்ததையெல்லாம் சொன்னான். விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இந்தச் சொல்லின் பொருள் என்ன? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும். போக விடு. இருக்க விடு. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டும்தான். ஆனால் ஒன்றுதான் எடுக்கும். ரெமியை நினைத்து, இருக்க விடு என்பதைத் தொட்டான். உடனே பதில் வந்தது: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.

அந்த வாக்கியம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ரேஷன் அட்டையில் அம்மா பெயரைத் திருத்தக் கொடுத்த விண்ணப்பம் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பரிசீலனைக்குப் போனது. அவன் விமானம் ஏறியபோதும் பரிசீலனையில்தான் இருந்தது. பரிசீலனை என்றால் முடிந்தது கதை. அதில் நம்பிக்கை வைக்காமல் விட்டுவிட்டான்.

பிறகு, தினமும் செய்வதுபோல, அக்காவுக்குக் கடிதம் சொன்னான். குரலெழுதி அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு போனது.

"அக்கா சாப்டியா நான் சாப்டேன் இங்க குளிருல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல லேசாத்தான் இருக்கு எல்லாரும் நல்லாப் பேசுதாங்க அம்மாட்ட சொல்லு அத்தானுக்கு முட்டுவலி எப்படி இருக்கு நான் நல்லாருக்கேன் நேத்து ஒரு ஆட்டம் பாத்தோம் சிரிப்பாணியா இருந்துச்சு அக்கா நான் நல்லாருக்கேன்."

வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. நல்லாருக்கேன் என்று இரண்டு முறை வந்திருப்பதைப் பார்த்து ஒன்றை அழித்துவிட்டு அனுப்பினான். கடிதங்களை யாரும் நிறுப்பதில்லை. அது ஒரு வசதி.

வியாழக்கிழமை ரெமி வந்தான்.

மாசானம் பதினோராம் குதிருக்குள் இருந்தான். நாற்பது மீட்டர் உயரக் காலிக் கான்கிரீட் குழாய். சுவர்நடவி மேலே எங்கோ டிக் டிக் என்று ஏறிக்கொண்டிருந்தது. இங்கே வந்தால் மடலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு சத்தமாகத் தமிழில் பேசுவது அவன் வழக்கம். சுவர் திருப்பிச் சொல்லும். ஊரில் அந்த மாதிரிப் பேசிக்கொண்டு திரிந்தால் கோயிலுக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

கீழ்க்கதவு திறந்தது. ஆறடி நான்கங்குல உருவம் குனிந்து உள்ளே வந்தது. மாசானம் அவசரமாக மடலை ஒட்டினான்.

"நானூத்திப் பன்னெண்டு நீதான?"

"அய்யா, என்ன மன்னிச்சிருங்க. நான் அப்படிச் சொல்லல. மாத்தச் சொல்லி எழுதிப் போட்டிருக்கேன். ஆனா நடக்குமான்னு…"

"ஏ, வேண்டாம்டே!" ரெமி உண்மையாகவே பதறினான். "அதுமட்டும் நடந்திரக் கூடாது. ஒனக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னுல்லா வந்தேன்."

அங்கே கிடந்த பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். தெற்கே லூயிசியானாவில் கடல் ஏறிப்போன ஒரு கரை அவன் ஊர். மிச்சம் இருக்கிற மேட்டில் அவன் அண்ணன் படகு பழுது பார்க்கிறான். ரெமிக்கு அங்கே போக வேண்டும் என்று ஒன்றரை வருடமாக ஆசை.

"அப்ப நிறுவையில அதையே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்ல? தொண்ணூறு கிலோ பிரியம்டே என் மேல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கெழவிமார்லாம் எனக்காகச் சண்டை போடுதாங்க. இவனுக்கு டைம் குடுங்க, டைம் குடுங்கன்னு. அவங்க மொகத்தப் பாத்து, எனக்கு வேண்டாம், நான் போறேன்னு சொல்ல வாய் வரல. வேண்டாதவங்க அனுப்பணும்னாங்க. வேண்டியவங்க இருக்கணும்னாங்க. நீ போறியாடே, இருக்கியாடேன்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

மேலே டிக் டிக் நின்றது. சுவர்நடவி ஒரு விரிசலைக் கண்டுபிடித்திருந்தது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"வேணும்னேதான் தப்பா எறிஞ்சியளா?"

"மொத ரெண்டு ஆட்டம் வேணும்னு. பொறவு நெசமாவே வரல." ரெமி சிரித்தான். "நீ என்ன வார்த்த சொன்ன? ஒங்க பாஷையிலேயே கேக்கணும்."

தன் மடலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். மாசானமும் கழற்றினான். இந்த நாட்டில் அவன் தமிழை நேராகக் காதில் வாங்க ஒருவர் முன்வந்தது இதுவே முதல் தடவை.

"விட்டுருங்க."

ரெமி உதட்டை அசைத்துப் பார்த்தான். "வித்துருங்கா."

"அய்யோ, அது வித்துருங்க. அப்படின்னா ஒங்கள வெலைக்குப் போட்டுருவாங்க."

ரெமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மாசானம் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். குதிர் இரண்டு பேர் சிரிப்பையும் எடுத்துக்கொண்டு மேலே போனது. இருவரும் மடலை மறுபடி ஒட்டிக்கொண்டார்கள். கதவைத் தாண்டும்போது ரெமி தலையை இடித்துக்கொண்டான். அதற்கும் கொஞ்சம் சிரித்தார்கள். இரண்டு நாளில் ஊருக்கு ரயில் என்று போகும்போது சொன்னான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உணவறையில் நிறுவை. பெரிட் கேக் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். மாசானம் இரண்டு நாளாக ஒன்றையே யோசித்து முடிவு செய்திருந்தான். ரெமி மாதிரிப் பொய் சொல்லப் போவதில்லை. நல்ல பிள்ளையாகச் சிரிக்கப் போவதும் இல்லை. இவர்கள் எட்டுப் பேரும் சேர்ந்து எவ்வளவு போட்டாலும் இருநூறைத் தாண்டாது. அவனிடம் நானூறு இருக்கிறது. ஒரே மூச்சு போதும். நிறுவையில் கேட்டால் அது தானாக விலகியதாகவும் ஆகாது. எந்த வார்த்தை என்பதில் சந்தேகமே இல்லை. தமிழில் அது எந்தத் தட்டில் விழுகிறது என்பதை ஊரே பார்த்தாயிற்று.

அணி நிறுவை போல இல்லை; கிடங்கில் நிறுக்கப்படுகிறவன் கடைசியாகத்தான் பேச வேண்டும்.

"இந்தப் பய நமக்கு வேணும்," என்றார் டெல்ராய். முப்பத்தெட்டு கிராம். தன் எண்ணைப் பார்த்து அவரே வெட்கப்பட்டு மீசையைத் தடவிக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பத்தொன்பது. இருபத்திரண்டு. பதினொன்று. ஒருவர்கூட அனுப்பு என்று சொல்லவில்லை. பெரிட் எழுந்து நின்றார். "எங்கூட இருடே," என்றார். அறுபத்தாறு.

மாசானத்துக்குக் கண் கரித்தது. இத்தனை கிராம் பிரியம் இருந்ததா இவர்களுக்கு? இருந்துமா இவ்வளவு தனிமை? எழுந்தான். உணவறை, கேக், சுவரில் தொங்கிய எட்டுக் கம்பளிக் கோட்டுகள், ஒன்பதாவதாக அவனுடையது. பதினெட்டு மாதமும் நெஞ்சுக்கு வந்து நின்றது.

"என்னைய விட்டுருங்க."

ஐந்நூற்று எண்பது கிராம்.

தராசு ஒரு நொடி ஆடி, அவகாசத் தட்டில் முழு எடையையும் இறக்கியது. மணி அடித்தது. மூன்று வருடம்.

திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடியது. தமிழ்ச் சொல் திருத்தம், இன்று காலை முதல் நடைமுறையில்: விட்டுருங்க, இருக்க விடுங்கள். விண்ணப்பித்தவர் மாசானமுத்து. இந்தத் திருத்தம் இறுதியானது. தங்கள் உதவிக்கு நன்றி.

ஐந்தே நாளில் பரிசீலித்திருந்தார்கள்.

பெரிட் அழுதுகொண்டே வந்து அவனைக் கட்டிக்கொண்டார். எட்டுப் பேருடைய மடல்களும் அந்த வார்த்தையை அவர்கள் காதில் எப்படிச் சொல்லியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஐந்நூற்று எண்பது கிராம் மன்றாடல்: என்னை இங்கேயே இருக்க விடுங்கள்.

"இல்லக்கா," என்றான். "நான் கேட்டது…"

பெரிட் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார். "சொல்லு மக்கா."

இப்போது சொல்லலாம். தராசு மூடிவிட்டது, முடிவு மாறாது, ஆனால் சொல்லவாவது செய்யலாம். எனக்கு ஊருக்குப் போகணும். மடல் அதைத் தெளிவாகவே மொழிபெயர்க்கும். பெரிட்டின் கன்னத்தில் கண்ணீரும் மாவும் ஒட்டியிருந்தது. விடிகாலையிலேயே எழுந்து சுட்டிருக்க வேண்டும். ரெமி ஏன் நான்கு கிராம் பொய் சொன்னான் என்பது அவனுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

"ஒண்ணுமில்லக்கா. கேக் நல்லா மணக்குது."

"ஏலே!" டெல்ராய் காதைப் பொத்திக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். செய்தி. "ஒன் வார்த்தையத் திருத்தினதுல ரெமி நிறுவையையும் மறுபடி கூட்டியிருக்காங்கலே! அந்த நானூத்தி பன்னெண்டு இந்தத் தட்டுக்கு வந்திருச்சாம். ஸ்டேசன்ல வச்சே அவனப் புடிச்சுத் திருப்பிக் கூட்டியாராங்க! இன்னும் ரெண்டு வருசமாம்!"

பெரிட் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். டெல்ராய்கூடத் தட்டினார். "போகட்டும், இன்னும் ரெண்டு வருசம் பாப்பம். எம் மனசும் கல்லு இல்லல்லா," என்று கேக்கை வெட்டி முதல் துண்டை மாசானத்தின் வாயில் வைத்தார்.

ஞாயிறு காலை ஏழு மணி. ஊரில் மாலை ஆறரை. வழக்கமாகக் கடிதம் சொல்கிறவன், அன்று அக்காவைப் போனில் கூப்பிட்டான். மடலைக் கழற்றி ஜன்னலில் வைத்தான். அக்காவிடம் பேச அது தேவையில்லை. இந்த ஒரு குரலிடமாவது அகராதி இல்லாமல் பேசலாம். ஜன்னலுக்கு வெளியே ஏரி கரையோரமாக உறைய ஆரம்பித்திருந்தது.

"என்னடே, இந்நேரத்துல? ஒடம்பு சரியில்லையா?" என்றாள் பேச்சியக்கா. பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா." சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தனக்கே சொல்லிக்கொண்டான். "அக்கா, என்னைய விடமாட்டேங்காங்கக்கா."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஏ அம்மா, இங்க வாயேன்! தம்பிய அங்க விடமாட்டேங்காங்களாம்!" அக்காவின் குரல் பூரித்துப்போயிருந்தது. "அம்புட்டுப் பிரியமாடே ஒம் மேல?"

ஜன்னலில் இருந்த மடலைப் பார்த்தான். அது சும்மா கிடந்தது.

"ஆமாக்கா," என்றான்.